ஊற்றுக்கண்ணும் நதிமூலமும்

மனிதர்க்கு வரலாறு இருப்பது போலவே சொற்களுக்கும் வரலாறு உண்டு. சொற்களும் ஓரிடத்தில் பிறக்கின்றன, வேறிடத்தில் குடியேறுகின்றன, சில செல்வாக்குப் பெறுகின்றன, சில மதிப்பிழந்து மூலையில் ஒதுங்குகின்றன. ஒரு சொல்லின் வழித்தடத்தைத் தேடிச் செல்வோர் பல வேளைகளில் அச்சொல்லை வழங்கிய மக்களின் வழித்தடத்தையே கண்டடைகின்றனர். அதிலும், 'தோற்றுவாய்' என்னும் பொருளைத் தரும் சொற்களை ஆராய்வது தனிப் பயன் உடையது. ஒரு மக்கட் கூட்டம் தன் தொடக்கத்தை எவ்வாறு எண்ணிப் பார்த்தது என்பதை அச்சொற்கள் காட்டிக்கொடுக்கும். பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறை வாழ்ந்து, இன்று அத்தோட்டங்கள் மறைந்துவரும் காலத்தில் நிற்கும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் சொல்விளையாட்டு அன்று.

பொங்கி எழுந்த பழஞ்சொல்

ஆங்கிலத்தில் 'வெல்ஸ்பிரிங்' என்றொரு பழஞ்சொல் உண்டு. இன்று அம்மொழியில் தோற்றுவாயைக் குறிக்கப் பெருவழக்காக உள்ள 'சோர்ஸ்' என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் அடி, 'எழுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்துள் புகுந்த பெருங்கூட்டமான பிரெஞ்சுச் சொற்களுள் இதுவும் ஒன்று. 'வெல்ஸ்பிரிங்' அவ்வாறு வந்தேறிய சொல் அன்று. அதன் முற்பகுதியாகிய 'வெல்' கொதித்துப் பொங்குதலைக் குறித்த பழைய வினையிலிருந்து பிறந்தது. பிற்பகுதியாகிய 'ஸ்பிரிங்' துள்ளி எழுதலைக் குறிப்பது. நிலத்தைப் பிளந்துகொண்டு நீர் குமிழியிட்டு மேலெழும் காட்சியைக் கண்ணால் கண்டவர்கள் ஆக்கிய சொல் அது.

ஈப்போவை அடுத்த தம்பூனிலோ, உலு சிலிமிலோ, சுங்காய்க்கு அருகிலுள்ள சுங்கை கிளாவிலோ வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்தோர்க்கு இச்சொல்லின் பொருத்தம் விளக்காமலே விளங்கும். அங்கே நீர் உண்மையாகவே ஆவியெழப் பொங்குகின்றது.

இக்காலத்தில் 'வெல்' என்றால் மனிதன் தோண்டிய கிணறே நினைவுக்கு வரும். பழைய வழக்கிலோ அது தானே பொங்கும் ஊற்றையும் குறித்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள வெல்ஸ் என்னும் நகர் தன் ஊற்றுகளாலேயே அப்பெயர் பெற்றது. இலண்டன் மாநகரின் கிளார்க்கன்வெல், கேம்பர்வெல் முதலிய பகுதிகளின் பெயர்களிலும் பழைய நீர்நிலைகளின் நினைவு நிற்கின்றது. சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து, நீரெடுக்க வந்தவர்களின் கூட்டம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆனபின்னும், இங்கே ஒரு காலத்தில் நீர் இருந்தது என்று பெயர் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றது.

சொல்லோ காலப்போக்கில் நீரைவிட்டு விலகிக் கருத்துலகில் குடிபுகுந்தது. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பின் நீதிமொழிகள் பகுதியில் அறிவை உணர்த்தும் உவமையாக இச்சொல் ஆளப்பட்டுள்ளது. தமிழ் விவிலியமும் அவ்விடத்தில் 'ஊற்று' என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டது. இன்று ஆங்கிலம் எழுதுவோர் நீர் பொங்கும் இடத்தைக் குறிப்பதைவிட, அன்பின் தோற்றுவாய், ஆற்றலின் தோற்றுவாய் என்று பேசவே 'வெல்ஸ்பிரிங்' என்னும் சொல்லைப் பெரிதும் கையாளுகின்றனர். சொல் வாழ்கின்றது; அதனைப் பிறப்பித்த காட்சி மறந்துபோயிற்று.

கண்ணும் தலையும் வாயும்

நம் தமிழில் இப்பொருளுக்கு வழங்கும் அழகிய சொல் 'ஊற்றுக்கண்.' ஊறுதல் என்பது மெல்லக் கசிந்து பெருகுதல். ஊறுவது ஊற்று, அது திறக்கும் சிறு துளை ஊற்றுக்கண். குன்றில் தேங்கும் நீருக்குச் 'சுனை' என்றும், ஊரார் உண்ணும் நீர்நிலைக்கு 'ஊருணி' என்றும், தோண்டி எடுக்கும் நீருக்குக் 'கேணி' என்றும் வெவ்வேறு பெயரிட்டு வைத்தனர் நம் முன்னோர். நீரருமை அறிந்த மண்ணில்தான் இத்தனை பெயர்கள் பிறக்க முடியும். கோடையில் ஆறு வற்றியபோது மணலில் கையாலேயே குழி பறித்து, ஊறி வரும் நீரைச் சிரட்டையால் முகந்து குடம் நிரப்பிய வழக்கத்தையும் 'ஊற்றுத் தோண்டுதல்' என்றே அவர்கள் கூறினர்.

அண்டை வீட்டு மொழியாகிய மலாய் என்ன சொல்கின்றது? ஊற்றுக்கு மலாயில் 'மாதா ஆயெர்' என்று பெயர். 'மாதா' என்றால் கண். 'ஆயெர்' என்றால் நீர். நீரின் கண்! அரபு மொழியிலும் கண்ணையும் ஊற்றையும் குறிக்க ஒரே சொல் வழங்குகின்றது. பாரசீகத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ஊற்றைக் குறிக்கும் சொல் பிறந்துள்ளது. ஒன்றையொன்று பாராத மக்களும் நிலத்தின்மேல் நீர் துளிர்ப்பதைக் கண்டபோது கண் கலங்குவதையே நினைத்தனர் போலும்.

ஆற்றின் தோற்றுவாயைத் தலையாகக் காண்பது மற்றொரு மரபு. ஆங்கிலத்தில் ஊற்றைக் குறிக்கும் சொல்லோடு 'தலை' என்னும் சொல்லைச் சேர்த்துத் தோற்றுவாயைக் குறிப்பதுண்டு. காவிரி பிறக்கும் குடகுமலை இடத்திற்குத் 'தலைக்காவிரி' என்று பெயர். பாசனத்தில் நீர் முதலில் பாயும் இடம் தலைமடை. கடைசியில் சென்று சேரும் இடம் கடைமடை. மலாயிலும் ஆற்றின் மேற்பகுதிக்கு 'ஹுலு' என்றே பெயர். ஹுலு என்றால் தலை. கிரிஸ் என்னும் குத்துவாளின் கைப்பிடியும் ஹுலுதான். ஊர்த்தலைவரைக் குறிக்கும் 'பெங்ஹுலு' என்னும் சொல்லும் அதனடியாகப் பிறந்ததே. தாய்லாந்து எல்லை மலைகளை ஒட்டிய ஹுலு பேரா மாவட்டம் பேரா ஆற்றின் தலைப்பகுதி. அங்கிருந்து இறங்கும் அவ்வாறு மாநிலத்தின் நெடுகிலும் ஓடி, பாகான் டத்தோவுக்கு அருகில் மலாக்கா நீரிணையில் கலக்கின்றது. ஆறுகள் கூடும் இடமும் கடலோடு கலக்கும் இடமும் 'குவாலா'. கோலாகங்சார் என்னும் அரச நகரின் பெயர் அவ்வாறு வந்தது.

ஈண்டுக் கருதத்தக்க ஒன்றுண்டு. தலை என்னும் உயர்ந்த பொருளுடைய இந்த 'ஹுலு', அன்றாடப் பேச்சில் 'உலு' என்றாகி, நாகரிகம் எட்டாத உள்காடு என்னும் இழிவுப் பொருளைப் பெற்றுவிட்டது. "அவன் உலுவிலிருந்து வந்தவன்" என்று நகைப்பாரை ஈப்போ நகரில் நாம் காண்கிறோம். 'தோட்டத்தான்' என்னும் சொல்லும் இவ்வாறே ஏளனத்திற்கு உள்ளாயிற்று. தோற்றுவாயைக் குறித்த சொல்லே தாழ்ச்சியைக் குறிக்கும் சொல்லாக மாறும்போது, அங்கிருந்து வந்தவன் தன் தோற்றுவாயைச் சொல்ல நாணுகின்றான். நீர் எப்போதும் தலையிலிருந்தே கீழே வருகின்றது என்பதனை நகைப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர் கல்விக் கழகத்தின் ஈப்போ வளாகம் ஹுலு கிந்தாவில் இருப்பது இவ்வகையில் பொருத்தமே ஆகும்.

முதலும் மூலமும்

கண், தலை என்னும் உருவகங்களுக்கு அப்பால் தமிழில் இரு சொற்கள் பெருவழக்குடையன. ஒன்று மூலம், மற்றொன்று முதல். மூலம் என்பது வேரையும் அடியையும் குறிக்கும் வடசொல். வேரிலிருந்து மருந்தானது மூலிகை. கருவறையில் அசையாது இருப்பவர் மூலவர். நிலத்தின் உடைமையைத் தொடக்கத்திலிருந்து காட்டும் ஆவணம் மூலப்பத்திரம். மலாயில் தொடங்குதலைக் குறிக்கும் 'மூலா' என்னும் சொல்லும் இதன் உறவே.

முதல் என்பது தூய தமிழ். தொடக்கம், காரணம், அடிமரம், வாணிகத்தில் இடும் பொருள் ஆகிய அனைத்தையும் அச்சொல் குறிக்கும். வாணிகப் பொருளில் அது கடல் கடந்து, மலாயில் 'மோடால்' என்று வழங்கலாயிற்று. கப்பல் 'காப்பால்' ஆனதும், கடை 'கெடாய்' ஆனதும், பெட்டி 'பெத்தி' ஆனதும், குளம் 'கோலாம்' ஆனதும் இவ்வாறே. தோட்டத்துக் கூலிகளாக நம்மவர் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர் இக்கரைகளில் கடை விரித்திருந்தனர் என்பதற்கு இச்சொற்கள் சான்று. முதல் போட்டவனின் சொல் இந்நாட்டு மொழியில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

இலக்கணத்தில் 'முதல்' என்னும் சொல் பெற்றுள்ள பொருள்கள் இன்னும் ஆழமானவை. அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்த தொல்காப்பியர், முதற்பொருள் என்று சுட்டியவை நிலமும் பொழுதும் ஆகும். மாந்தர் வாழ்வைப் பாடப் புகுமுன் எந்த நிலம், எந்தப் பொழுது என்பதை வரையறுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நன்னூலோ நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகைப்படுத்துகின்றது. இன்றைய வரலாற்றாசிரியர் முதன்மைச் சான்று, துணைமைச் சான்று என்று பிரிப்பதை நம் இலக்கண மரபு தனக்குரிய முறையில் முன்னரே அறிந்திருந்தது எனலாம். இவ்விரு பாகுபாடுகளையும் கையில் எடுத்துக்கொண்டு, நாம் வாழ்ந்த தோட்டத்தின் பக்கம் இனித் திரும்புவோம்.

மரத்திற்கு மூலம் உண்டு, மனிதனுக்கோ?

ரப்பர் மரத்தின் பிறப்பு வரலாற்றை எவரும் ஐயமின்றிச் சொல்லிவிடலாம். 1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் அமேசான் காடுகளிலிருந்து ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. அக்கன்றுகளுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் நம் பேராவின் கோலாகங்சாரில் நடப்பட்டன. பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைப் பேணி வளர்த்தார். அந்தத் தொடக்கக் கன்றுகளுள் ஒன்று எனப்படும் முதுமரம் கோலாகங்சாரில் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றது.

பின்னர் வந்த மரங்களுக்கோ குலவரிசையே எழுதி வைத்தனர். 1925-ஆம் ஆண்டில் சட்டத்தின்வழி அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய புகழ்பெற்ற 600-ஆம் எண் இனத்தின் பெற்றோர் யாவர்? ஒன்று, சாவகத்தின் ஜிராஞ்சித் தோட்டத்து மரம்; மற்றொன்று, சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்து 86-ஆம் எண் மரம். பெயரும் எண்ணும் பிறந்த தோட்டமும் பதிவில் உள்ளன. அந்தப் பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகராகிய புத்ராஜெயா எழுந்து நிற்கின்றது.

அம்மரத்தை விடியற்காலையில் நெற்றி விளக்கோடு சென்று சீவி, மங்கில் பால் சேர்த்தவனின் மூலம் என்ன? அதனை எழுதி வைத்தவர் யார்? பேராவின் தோட்டப் பள்ளிகளிலிருந்து நகரையொட்டிய பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த மாணவர்களிடம், தாத்தாவின் தந்தை எந்த ஊரிலிருந்து வந்தார் என்று எழுதிவரச் சொல்வது ஆசிரியப் பணியில் என் வழக்கம். 'இந்தியா' என்று எழுதி வருவோரே மிகுதி. 'தமிழ்நாடு' என்று எழுதுவோர் சிலர். ஊரின் பெயரை எழுதி வருவோர் ஒவ்வோராண்டும் அருகி வருகின்றனர். மரத்திற்கு ஒன்பது கன்றின் கணக்குண்டு. மனிதனுக்கு ஒரு நாட்டின் பெயரே மிஞ்சியது.

விதைகள் பிரேசிலை விட்டுப் புறப்பட்ட அதே 1876-ஆம் ஆண்டில்தான் தென்னகத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மரமும் மனிதனும் ஒரே ஆண்டில் வேர் பறிக்கப்பட்டனர் என்று கூறினால் மிகையாகாது. ஆயினும் அவ்விருவரும் உடனே சந்தித்தனரல்லர். பேராவில் நம்மவர் கிரியான் பகுதியின் கரும்புத் தோட்டங்களிலும், காப்பித் தோட்டங்களிலும் முன்னரே உழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்து ரப்பர் விலை ஏறிய பின்னரே ஆள்தேவை பெருகியது. 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தது. முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை ஓங்கியது. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அதுவே பெருவழியாக இருந்தது.

கங்காணி முறையின் இயல்பு நம் ஆராய்ச்சிக்கு ஓர் உதவியைச் செய்கின்றது. கங்காணி தன் சொந்த ஊருக்கும் சுற்றூர்களுக்கும் சென்று, தன் உறவினரையும் அறிந்தவரையுமே திரட்டி வந்தார். ஆகவே, ஒரு தோட்டத்து லயங்களில் ஒரே வட்டாரத்தவர் பலர் சேர்ந்து குடியிருந்தனர். திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய காவிரி நாட்டு மாவட்டங்கள். பாலாறும் பெண்ணையும் பாயும் வட, தென் ஆர்க்காட்டு மாவட்டங்கள். வையை பாயும் மதுரை, இராமநாதபுரம் பகுதிகள் ஆகியவையே பெருவாரியான மக்களை அனுப்பியவை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, பினாங்கை அடைந்து, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, பின்னர் இரயிலேறித் தோட்டம் சேர்ந்தனர். ஒரு குடும்பத்தின் ஊர் தெரியாவிடினும், அத்தோட்டத்து அண்டை வீட்டாரின் ஊர் தெரிந்தால் மூலத்தை நெருங்கிவிடலாம்.

நதிமூலம் பார்க்கலாகாதா?

'நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பெரிய ஆற்றின் தொடக்கம் சிறு கசிவாக இருக்கும். பெரிய முனிவரின் பிறப்பு எளிய குடியாக இருக்கும். அதனைத் துருவிப் பார்த்து அவர்தம் பெருமையைக் குறைக்காதே என்பது இதன் கருத்து. இப்பழமொழியில் ஓர் அருள் நெஞ்சம் இருக்கின்றது என்பதை மறுக்க முடியாது. பிறப்பால் ஒருவரை அளக்காதே என்று அது கூறுகின்றது.

நம் முதியோர் பலர் ஊர்ப்பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டதற்கும் காரணங்கள் உண்டு. கடனாலும் பஞ்சத்தாலும் ஊரை விட்டவர்க்கு அதனை நினைப்பதே துன்பமாக இருந்தது. சாதிக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்க்கோ ஊரின் பெயரைச் சொல்வது, எந்தத் தெரு என்று கேட்க எதிரிலிருப்பவர்க்கு இடங்கொடுப்பதாக இருந்தது. ஊரை மறைத்தவர் தம் பிள்ளைகளின் மானத்தைக் காத்தனர். இதனை உணராமல், "எங்கள் பாட்டன் ஒன்றும் சொல்லவில்லையே" என்று அவர்களைக் குறை கூறுதல் அறமாகாது.

எனினும், மறதியால் விளைந்த இழப்பும் பெரிது. 1942-43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்-பர்மா இரயில்பாதையை அமைத்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசை வரிசையாக நிற்கின்றன; மாண்ட நம்மவர்க்கு அவ்வாறு பெயர் தாங்கிய கல்லறைகள் இல்லை. விடுதலைக்குப் பின்னர் பிறப்புச் சான்றிதழ் இல்லாக் காரணத்தால் குடியுரிமை பெற இயலாமல், சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்த முதியோரைத் தோட்டப்புறங்களில் நாம் கண்டிருக்கிறோம். நிலத்திற்கு மூலப்பத்திரம் இல்லையென்றால் உரிமை நிலைக்காது. மனிதனுக்கும் அப்படியே ஆயிற்று.

ஆகவே, இரு பக்கமும் சீர்தூக்கி ஒரு வழியைக் காணுதல் வேண்டும். அவ்வழியைத் தொல்காப்பியர் காட்டிவைத்திருக்கிறார். முதல் என்பது நிலமும் பொழுதும். எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்போம். எந்தக் குலம் என்று கேளோம். நிலத்தையும் பொழுதையும் கேட்பது வரலாறு. குலத்தைக் கேட்பது, கடல் கடந்து வந்தும் கரையாத பழைய நோயை மீண்டும் அழைப்பது. பள்ளியில் மாணவர்க்குக் குடும்ப வரலாறு எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை முதலில் தாம் உணர்ந்து, பின்னர் மாணவர்க்கும் உணர்த்த வேண்டும். அவ்வாறு கேட்டால், பழமொழி காத்த மானமும் கெடாது, வரலாறும் அழியாது.

எங்கே தோண்டுவது?

தோட்டத் தமிழரைப் பற்றிய நூல்கள் இல்லாமலில்லை. கெர்னியல் சிங் சந்து 1969-ஆம் ஆண்டிலும், சின்னப்பா அரசரத்தினம் 1970-ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட ஆராய்ச்சி நூல்கள் இன்றளவும் மதிக்கப்படுகின்றன. ஆனால் நன்னூல் வகைப்படி அவை வழிநூல்கள். அரசு அறிக்கைகளையும் புள்ளிவிவரங்களையும் அடிப்படையாகக் கொண்டு ஓர் இனத்தின் பெயர்ச்சியை அவை விளக்குகின்றன. ஒரு குடும்பத்தின் முதல்நூலை அக்குடும்பமும் அதன் தோட்டமுமே தர முடியும். அதற்குரிய ஊற்றுக்கண்கள் எவை?

முதலாவது, காகிதம். பழைய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய அஞ்சல் துண்டு, ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறை ஆகியவை தகரப் பெட்டிகளின் அடியில் இன்னும் கிடக்கக்கூடும். கடிதத்தைப் படித்தபின் எறிந்தாலும் முகவரிக்காக உறையை வைத்திருப்பார்கள். ஓர் உறையின் மூலையில் உள்ள அஞ்சல் முத்திரை, ஊரையும் ஆண்டையும் ஒருங்கே தந்துவிடும். நிலமும் பொழுதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிய முதற்பொருள் அது!

இரண்டாவது, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1912, 1923-ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் பிள்ளைகள் போதிய அளவில் இருந்த தோட்டங்களில் பள்ளி நடத்துவதை முதலாளிகளின் கடமையாக்கின. பிரட்டுக்களத்தின் ஓரத்திலும் கோயில் கொட்டகையிலும் தொடங்கிய அப்பள்ளிகளில், கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்த காலத்திலும், பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் எழுதப்பட்டன. பள்ளிகள் இடம்பெயரும்போதும், ஒன்றோடொன்று இணையும்போதும், மேசை நாற்காலிகளைக் கணக்கிட்டு எடுத்துச் செல்வோர் பழம் பதிவேடுகளைக் கரையானுக்கு விட்டுச் செல்வதுண்டு. தலைமையாசிரியர்கள் காக்க வேண்டிய உடைமைகளுள் முதலாவது இப்பதிவேடுகளே என்பது என் கருத்து.

மூன்றாவது, கோயில். மாரியம்மனும் முனியாண்டியும் எங்கும் உண்டு. அவற்றோடு வேறு எந்தத் தெய்வத்தை அத்தோட்டத்தார் கொண்டுவந்தனர் என்று பார்த்தல் வேண்டும். திரௌபதியம்மன் வழிபாடு செஞ்சியை மையமாகக் கொண்டு ஆர்க்காட்டுப் பகுதியில் செழித்தது. ஒரு தோட்டத்தில் அவ்வம்மனுக்குத் தீமிதி நடந்தது என்றால், அத்தோட்டத்துக் கங்காணி எத்திசையில் ஆள் திரட்டினார் என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைத்துவிடுகின்றது. திருவிழாக் கணக்கேட்டில் நன்கொடையாளர் பெயரோடு ஊர்ப்பெயர் ஒட்டியிருப்பதும் உண்டு.

நான்காவது, பேச்சு. பாட்டிமார் வழங்கும் வட்டாரச் சொற்கள், தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வரும் ஆற்றின் பெயர்கள், குழம்புக்கு இடும் பெயர் ஆகிய யாவும் சான்றுகளே. தோட்டங்களுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ஒன்றிருக்க, நம்மவர் தமிழில் இட்டு வழங்கிய பெயர் வேறொன்றிருக்கும். அப்பெயர்கள் எந்த நிலப்படத்திலும் இல்லை. மலாயா விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் தம் தோட்டத்தைத் தாமே வாங்க வழிகாட்டினார். அதன் பின்னரும் எண்ணற்ற தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. இலண்டனின் கிளார்க்கன்வெல் தன் ஊற்றின் பெயரைக் காத்துக்கொண்டது. நம் தோட்டம் தாமானாக மாறும்போது, பெயரும் சேர்ந்தே மண்மூடிப் போகின்றது.

இந்நான்கு ஊற்றுக்கண்களுள் விரைந்து தூர்ந்து வருவது பேச்சே. காகிதம் கரையானுக்குத் தப்பினால் நூறாண்டு இருக்கும்; கோயில் இடம் மாறினாலும் தெய்வம் உடன் செல்லும். முதியோரின் நினைவோ ஒரு மூச்சில் முடிந்துவிடும். 1938-ஆம் ஆண்டுத் தடைக்கு முன்னர்க் கப்பலேறி வந்தவர்கள் இன்று நம்மிடையே இல்லையென்றே சொல்லலாம். அவர்கள் மடியில் அமர்ந்து கதை கேட்ட பிள்ளைகளே இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்து நிற்கின்றனர்.

திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் மணற்கேணியை அறிவுக்கு உவமையாக்கினார். தோண்டும் அளவுக்கு நீர் ஊறுவது போலக் கற்கும் அளவுக்கு அறிவு பெருகும் என்பது அக்குறளின் கருத்து. ஆங்கிலப் பழஞ்சொல் காட்டும் ஊற்று மனிதன் கைபடாமல் தானே பொங்குவது. வள்ளுவர் காட்டும் ஊற்று தோண்டினாலன்றி வாராதது. தோட்டத் தமிழரின் வரலாறு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது எவருடைய அறிக்கையிலிருந்தும் தானே பொங்கி வராது. ஆற்று மணலைக் கையால் பறித்து நீர் கண்ட மக்களின் பேரர்கள் நாம். வீட்டுக்கு ஒருவர் ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதற்பக்கத்தில் ஓர் ஊரின் பெயரையும் ஓர் ஆண்டையும் எழுத முற்படுவாராக. ஊர் தெரியாதவர் தம் தோட்டத்தின் பெயரையாவது எழுதுவாராக. நாளை பிறக்கும் பிள்ளைக்கு அதுவும் ஒரு நதிமூலமே.